சரக்கு வண்டிக்குக் கூடுதல் விளக்கு: ஒயர் இழுக்குமுன் கவனிக்க வேண்டியவை

ஆயுத பூஜை நெருங்கும் வாரங்களில் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் ஆட்டோ எலக்ட்ரிக் கடைகளின் முன்னால் சிறு சரக்கு வண்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். வண்டியைக் கழுவி, ஸ்டிக்கர் ஒட்டி, முகப்பு கிரில்லுக்குள் நான்கு சிறு விளக்குகளோ, பம்பருக்கு மேல் இரண்டு பெரிய விளக்குகளோ மாட்டிக்கொண்டு போவது இப்பகுதியில் வழக்கமாகிவிட்டது. 2005 ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்தபிறகு, மாட்டு வண்டியும் டிராக்டர் டிரெய்லரும் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியைக் 'குட்டி யானை' என்று மக்கள் அழைக்கும் இந்த வகை வண்டிகளே ஏற்றுக்கொண்டன. கடன் வாங்கி வண்டி எடுத்து, சொந்த விளைச்சலோடு அக்கம்பக்கத்து விளைச்சலையும் வாடகைக்கு ஏற்றிப் பிழைக்கும் சிறு விவசாயிகள் பலர்.

அவர்களுக்கு வெளிச்சம் ஆடம்பரம் அன்று. வத்திராயிருப்புப் பக்கத்துத் தேங்காயானாலும், ராஜபாளையத்து மாங்காயானாலும், கரிசல் காட்டு மக்காச்சோளமானாலும் வண்டி ஓடுவது பெரும்பாலும் இருட்டில்தான். உழவர் சந்தைக்கு விடியுமுன் போய்ச்சேர வேண்டும். மதுரை மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றுபவர் நள்ளிரவிலேயே கிளம்ப வேண்டும். தோட்டத்திலிருந்து தார்ச் சாலைக்கு வரும் வண்டிப்பாதையில் பள்ளம் எது, வாய்க்கால் எது என்று தெரியாது. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும். ஆகவே கூடுதல் விளக்கு வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. தவறு நேர்வதெல்லாம் அதற்கு மின்சாரம் எடுக்கும் விதத்தில்தான்.

பெரும்பாலான கடைகளில் இந்த வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரின் தோலைச் சீவி, அதில் புது ஒயரை முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள். ஸ்விட்சைப் போட்டால் விளக்கு பளிச்சென்று எரிகிறது. காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போகிறார் விவசாயி. விளக்கு எரிவதால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்றே அவர் நினைப்பார். ஆனால் விளக்கு எரிவதற்கும் ஒயரிங் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாம் மாதமோ, அடுத்த மழையிலோதான் அது தெரியவரும்.

ஒயர் சூடாவது எப்படி?

சிறு சரக்கு வண்டிகளின் பாட்டரி 12 வோல்ட் கொண்டது. வீட்டில் 230 வோல்ட்டைக் கண்டு அஞ்சுகிறவர்கள் 12 வோல்ட் என்றதும் அலட்சியமாகிவிடுகிறார்கள். கையில் அடிக்காது என்பது உண்மை. ஆனால் வோல்ட் குறைவாக இருப்பதாலேயே, அதே வெளிச்சத்துக்கு அதிக ஆம்பியர் ஓட வேண்டியிருக்கிறது. வீட்டில் 110 வாட் எரிய அரை ஆம்பியர் போதும். வண்டியில் 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு எரிந்தால் அதே 110 வாட்டுக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர் தேவைப்படும். ஒயரைச் சூடாக்குவது இந்த ஆம்பியரே.

அரை சதுர மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய ஒயரில் 4 மீட்டர் தூரத்துக்கு 9 ஆம்பியர் ஓடினால், ஒரு வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே வீணாகிவிடும். 10 வாட்டுக்குக் குறையாத வெப்பம் அந்த மெல்லிய ஒயர் நெடுக இறங்கும். விளக்கும் மங்கலாக எரியும். மங்கலாக இருக்கிறதே என்று அதைவிடப் பெரிய பல்பு வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அப்போது சூடு மேலும் ஏறுகிறது. தவிர, ஹெட்லைட் ஒயரும் அதன் ஸ்விட்சும் ஹெட்லைட்டுக்கு மட்டும் கணக்கிட்டுப் போடப்பட்டவை. அவற்றின்மேல் இன்னொரு ஜோடி விளக்கின் சுமையையும் ஏற்றினால், முதலில் ஸ்விட்சின் உள்முனை கருகும். பிறகு ஒரு நாள் நடுவழியில் ஹெட்லைட்டும் சேர்ந்து அணையும்.

இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் இந்தச் சுமை மிகவும் குறைவு. 18 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டுக்கு 3 ஆம்பியர் போதும். கிரில்லுக்குள் வைக்கும் ஒரு வாட் விளக்குகள் நான்குக்கு அரை ஆம்பியர்கூட வேண்டியதில்லை. "இவ்வளவு சிறிய விளக்குக்குப் பியூஸ் எதற்கு?" என்று கேட்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பியூஸ் யாருக்குக் காவல்?

பியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்றுவதற்கு அன்று, ஒயரைக் காப்பாற்றுவதற்கு. விளக்கு ஒழுங்காக எரியும்போது ஓடுவது அரை ஆம்பியராக இருக்கலாம். ஆனால் அந்த ஒயர் எங்காவது தோல் உரிந்து வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால், விளக்கு எவ்வளவு வாங்கும் என்ற கணக்கே அங்கு இல்லை. பாட்டரி எவ்வளவு தரும் என்பதே கணக்கு. இஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பாட்டரி 100 ஆம்பியருக்கு மேல் தருகிறது. அவ்வளவும் ஒரு மெல்லிய ஒயரில் பாய்ந்தால் சில விநாடிகளில் ஒயர் பழுக்கக் காய்ந்து, மேல் தோல் பற்றிக்கொள்ளும். சிவகாசியில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பியூஸ் இல்லாமல் பாட்டரியிலிருந்து இழுத்த ஒயர், வண்டிக்குள் வைத்த திரியேதான்.

ஆகவே பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒயர் புறப்பட்டதும், ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வந்துவிட வேண்டும். சிலர் விளக்குக்குப் பக்கத்தில் பியூஸைப் பொருத்துகிறார்கள். பாட்டரிக்கும் அந்தப் பியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயருக்குப் பிறகு காவல் ஏது? 55 வாட் ஹாலஜன் ஜோடிக்கு 15 ஆம்பியர் பியூஸும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் போட வேண்டும். 18 வாட் எல்.இ.டி. ஜோடிக்கு 5 ஆம்பியர் பியூஸும் ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரும் போதும். கிரில்லுக்குள் வைக்கும் சிறு விளக்குகளுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் தாராளம். தட்டைப் பியூஸ்களை நிறம் பார்த்தே கண்டுகொள்ளலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் பச்சை இருந்தால், யாரோ அவசரத்துக்கு மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள்.

கிணற்று மோட்டாரின் பியூஸ் கட்டையில் கனமான செம்புக் கம்பியைச் சுற்றும் பழக்கம் நம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. அதே பழக்கத்தில் வண்டியிலும் எரிந்துபோன பியூஸுக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி மாட்டுகிறார்கள். பியூஸ் எரிந்தால் எங்கோ கோளாறு இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்காமல் தாளைச் சுற்றினால், எரிய வேண்டிய பியூஸுக்குப் பதில் வண்டி எரியும்.

ரிலே: மோட்டார் ஸ்டார்ட்டரின் தம்பி

கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் எதற்கு என்பது விவசாயிகளுக்குத் தெரியும். பச்சைப் பொத்தானை அழுத்தும்போது மோட்டாரின் முழு மின்சாரமும் பொத்தான் வழியாகப் போவதில்லை. சிறிதளவு மின்சாரம் காயிலுக்குப் போகிறது. காயில் காந்தமாகி கான்டாக்டை இழுக்கிறது. பெரிய மின்சாரம் அந்தக் கான்டாக்ட் வழியாக மோட்டாருக்குப் போகிறது. வண்டியில் ரிலே செய்வதும் இதே வேலைதான். தீப்பெட்டி அளவுள்ள அந்தப் பெட்டியின் அடியில் நான்கு முனைகளும், அவற்றின் அருகே எண்களும் இருக்கும். 30 என்ற முனைக்குப் பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் ஒயர். 87 என்ற முனையிலிருந்து விளக்குக்கு ஒயர். 86 க்கு டாஷ்போர்டு ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர். 85 க்கு எர்த். ஸ்விட்ச் வழியாகக் கால் ஆம்பியருக்கும் குறைவாகவே போவதால், அது சூடாவதுமில்லை, கருகுவதுமில்லை. ஹெட்லைட் ஒயரைத் தொடவே வேண்டியதில்லை.

ஸ்விட்சுக்கு வரும் மின்சாரத்தைப் பார்க்கிங் விளக்கின் பியூஸுக்குப் பின்னாலிருந்து எடுத்தால், அந்த விளக்கை அணைத்ததும் கூடுதல் விளக்கும் தானாகவே அணையும். இரவில் களத்தில் எரியவிட்டு மறந்துபோவது இதனால் குறையும். 40 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரி என்றால், இஞ்சின் ஓடாமல் ஹாலஜன் ஜோடி எரிந்தால் 2 மணி நேரத்தில் ஏறத்தாழ பாதி தீர்ந்துவிடும். பிறகு வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டி வேலை செய்கிறது. அவற்றில் கண்ட ஒயரைச் சீவினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கி, கம்பெனி ஒர்க்ஷாப்புக்குப் போக நேரிடும். வாரண்டியும் கேள்விக்குறியாகும். அத்தகைய வண்டிகளில் பாட்டரியிலிருந்து தனிப் பியூஸ், தனி ரிலே, தனி ஒயர் என்று போவதே நல்லது. ஸ்விட்சுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுக்கலாம் என்பதையும் கம்பெனி ஒர்க்ஷாப்பில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எர்த் விஷயத்தில்தான் அதிகக் கவனக் குறைவு காணப்படுகிறது. பெயிண்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டால் எர்த் சரியாகக் கிடைக்காது. பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்தபின், லக் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். மங்கும் விளக்குகளில் பாதிக்கு மேல் எர்த் கோளாறாகத்தான் இருக்கும் என்பது அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் சொல்வது.

எலி, உரம், ஐப்பசி மழை

விவசாயி வண்டியின் ஒயருக்கு நகரத்து வண்டிக்கு இல்லாத பகைகள் சில உண்டு. முதலாவது எலி. தோட்டத்துக் கொட்டகையில் நிற்கும் வண்டியின் இஞ்சின் கதகதப்பில் எலி கூடுகட்டி ஒயரைக் கடிக்கும். சுருள் ஸ்லீவுக்குள் ஒயரைக் கொண்டுபோனால் ஓரளவு தப்பலாம். அடுத்தது உரம். யூரியாவும் அம்மோனியம் கலந்த உரங்களும் காற்றின் ஈரத்தை இழுத்துச் செம்பை அரிப்பவை. உரமூட்டை ஏற்றிய வண்டியில் ஒயர் முனைகளில் பச்சைப் பூப்பு தோன்றுவது இதனால்தான். லோடு இறக்கியதும் தளத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும். பின்விளக்கு முனைகளைத் துடைத்துக் கிரீஸ் வைப்பதும் உதவும்.

கிரில் என்பது ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாசல். அதில் பெரிய விளக்கை நிறுத்தி வாசலை அடைத்தால், சித்திரை வெயிலில் முழு லோடுடன் ஏற்றம் ஏறும்போது இஞ்சின் சூடாகும். அங்கே போகும் ஒயர் ரேடியேட்டரையும் ஃபேனையும் தொடாமல், எட்டங்குலத்துக்கு ஒரு கிளிப் வீதம் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். அது இல்லாவிட்டால் வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் தகட்டின் கூர் ஓரம் ஒயரின் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். வீட்டு ஒயரிங்கில் மீந்த ஒற்றைக் கம்பி ஒயரை வண்டிக்குப் போடலாகாது. அது குலுக்கலில் உள்ளுக்குள்ளேயே முறிந்து, முறிந்த இடத்தில் பொறி பறக்கும். பல இழை கொண்ட ஆட்டோ ஒயரே வேண்டும்.

ஒட்டுப் போட வேண்டிய இடங்களில் வெறும் முறுக்கும் டேப்பும் போதா. இப்பகுதி வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தானாகக் கழன்று தொங்குவதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். லக் வைத்து அழுத்தி, அல்லது ஈயப் பற்று வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டால் ஆண்டுக் கணக்கில் நிற்கும். ஆயுத பூஜைக்கு மாட்டிய விளக்கை ஐப்பசி மழை சோதித்துவிடும். ஒட்டு எப்போதும் மேல்நோக்கி வாய் திறந்திருக்கக் கூடாது. ஒயர் சற்றுத் தாழ இறங்கி மேலே ஏறும்படி விட்டால், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எதிரே வருபவர் கண்

இரவு ஏழு மணிக்குச் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையில் வருபவர் யார்? ஆலை வேலை முடிந்து சைக்கிளிலும் மொபெட்டிலும் நடந்தும் திரும்பும் மக்கள். மானாவாரி கைகொடுக்காத ஆண்டுகளில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் வண்டிக்காரரின் சொந்தக்காரர்களே இருப்பார்கள். பெரிய விளக்கு கண்ணில் அடித்தால் சில விநாடிகளுக்கு ஒன்றும் தெரியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் மூன்று விநாடிகளில் 40 மீட்டருக்கு மேல் கண் தெரியாமலே கடந்துவிடுகிறார்.

1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106 ஆம் விதி இதற்கென்றே உள்ளது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும். களத்தில் வண்டியை நிறுத்தி, எட்டு மீட்டர் அளந்து, தானே நின்று பார்த்தால் தெரிந்துவிடும். 111 ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி முன்புறத்தில் ஸ்பாட் லைட் பொருத்துவதைத் தடை செய்கிறது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின் 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. சிவப்பு, நீல விளக்குகளை முன்னால் மின்ன விடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒயரிங்கால் தீ விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கும்போது, இந்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்கவும் இடமுண்டு.

எனவே கூடுதல் விளக்கைப் பற்றி யோசிக்குமுன் இருக்கும் ஹெட்லைட்டைச் சரி செய்வதே முறை. மஞ்சள் பூத்த கண்ணாடியைத் துலக்கி, எர்த்தை இறுக்கி, கருத்த பல்பை மாற்றினாலே வெளிச்சம் கணிசமாகக் கூடும். 10 மீட்டர் தூரத்தில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, டிம் லைட்டைப் போட்டால் ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். இதை லோடு ஏற்றியபின் செய்வது மேல். பின்னால் சுமை ஏறினால் முன்பக்கம் தூக்கும். காலி வண்டியில் சரியாக இருந்த ஒளி எதிரே வருபவர் முகத்துக்கு ஏறிவிடும். அதன் பிறகும் போதவில்லையென்றால், அதே வண்டிக்குத் தயாரிப்பாளரே தரும் பனி விளக்கை வாங்கித் தாழப் பொருத்தலாம். களத்தில் மூட்டை ஏற்ற வெளிச்சம் வேண்டுமென்றால் தளத்தின் மேல் தனி ஸ்விட்சுடன் ஒரு எல்.இ.டி. வைத்துக்கொண்டு, சாலைக்கு வருமுன் அணைத்துவிட வேண்டும். பின்னால் வரும் வண்டிக்கு வெள்ளை வெளிச்சம் காட்டலாகாது. பின்புறச் சிவப்பு, பக்கவாட்டு மஞ்சள் பிரதிபலிப்புப் பட்டைகளோ எந்த ஒயரும் கேட்பதில்லை. நின்ற வண்டியின்மேல் வந்து மோதுவதைத் தடுப்பதில் அவற்றுக்கு நிகர் வேறில்லை.

லோடு எது என்று பார்த்து

வைக்கோல், பருத்தி, காய்ந்த மக்காச்சோளத் தட்டை, தீப்பெட்டி அட்டை ஆகியவை இவ்வண்டிகளில் ஏறும் சரக்குகளில் சில. வைக்கோல் லோடு தாழ்வான மின்கம்பியில் உரசித் தீப்பிடிப்பதை எல்லோரும் அறிவர். தளத்துக்கு அடியில் போகும் பின்விளக்கு ஒயரின் ஒட்டில் பறக்கும் பொறியும் அதைச் செய்யும் என்பது பலர் நினைவில் இருப்பதில்லை. பட்டாசு, மருந்துப் பொருட்கள் ஏற்றுவதற்கு 2008 ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. தீபாவளி வாடகைக்கு ஆசைப்பட்டு அவற்றை இந்த வண்டியில் ஏற்றலாகாது. ஆலைக்குள் இரும்புக் கருவியைக்கூட விடாமல் பொறிக்கு அஞ்சும் ஊரில், வாசலில் நிற்கும் வண்டியின் ஒயரை யாரும் பார்க்காமல் விடுவது விந்தைதான்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. எஃப்.சி.க்குப் போகும் முதல் நாள் கூடுதல் விளக்கைக் கழற்றுவது, சான்று வாங்கிய மறுநாள் மாட்டுவது. கழற்றும்போது ஒயரை வெட்டிவிட்டு முனையை அப்படியே விட்டால், மின்சாரம் உள்ள முனை கிரில்லுக்குப் பின்னால் தொங்கும். கழற்றுவதானால் பாட்டரியிலிருந்து பியூஸையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் விளக்கைக் கால் மணி நேரம் எரியவிட்டு, ஒயர் நெடுக, பியூஸ், ரிலே, ஒட்டுகள் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ரிலே லேசாக வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. ஒயரோ ஒட்டோ சுட்டால் பணம் கொடுக்குமுன் அங்கேயே திருத்தச் சொல்லலாம். ஓடும்போது பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்து, பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றப் போனால் ஸ்பானர் இரும்பில் பட்டு அதுவே ஷார்ட் ஆகும். பெரும்பாலான சிறு வண்டிகளில் அந்தப் போல்ட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர் பொருந்தும். ஒன்றை வாங்கி, கருவிப் பைக்குள் புதைத்து வைக்காமல், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கை எட்டும் இடத்தில் கட்டி வைத்துக்கொள்ளலாம்.